இருவிழிக் காட்சியும் வெளிவராத விளையாட்டும்

மனிதனுக்குக் கண்கள் இரண்டாக அமைந்திருப்பது எதன்பொருட்டு என்று வகுப்பிலே வினவினால், ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்பதே மாணவரிடமிருந்து முதலில் எழும் விடையாகும். அவ்விடை பிழையன்று, எனினும் முழுமையன்று. உதவிக்கு ஒரு கண் வேண்டுமென்பதே கருத்தாயின், அதனைத் தலையின் பின்புறத்தே வைத்திருத்தல் மிகுந்த பயன் தந்திருக்கும். முயலுக்கும் மானுக்கும் கண்கள் இருபுறமும் விலகி நிற்க, புலிக்கும் ஆந்தைக்கும் மனிதனுக்கும் அவை ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. ஒரே பொருளை இரண்டு நிலைகளிலிருந்து ஒரே நேரத்திற் கண்டு அதன் தூரத்தை அளந்தறிதலே இவ்வமைப்பினால் விளையும் பெரும் பேறு. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு வணிக நிறுவனமொன்று ஒரு விளையாட்டுப் பொறியைச் செய்தது. அப்பொறி ஓராண்டு நிறையுமுன்னரே சந்தையை விட்டகன்றது. அதற்கென்றே உருவாகி, முற்றுப்பெற்று, ஆயினும் ஒருநாளேனும் கடைக்கு வாராது போன 'பவுண்ட் ஹை' என்னும் விளையாட்டைப் பற்றியதே இக்கட்டுரை. கல்லூரி மலரில் வீடியோ விளையாட்டுக்கு என்ன இடம் என்று முகஞ் சுளிப்போர் உளராயின், அவர்கள் இதனை ஒளியியலின் ஓர் அதிகாரமாகக் கொண்டு வாசிக்கலாம். அவ்வாறு வாசிப்பதனால் இழப்பொன்றும் இல்லை.

முதலிற் கண்ணைப் பற்றிய செய்தியைக் காண்போம். நம் கண்மணிகள் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 6.3 சென்ரிமீற்றர். இச்சிறு இடைவெளி காரணமாக வலக்கண் பெறும் காட்சியும் இடக்கண் பெறும் காட்சியும் முற்றும் ஒன்றாய் இருப்பதில்லை. விரலொன்றை முகத்தின் முன்னே நிறுத்திக் கண்களை மாறிமாறி மூடிப் பார்ப்போர்க்கு, அவ்விரல் பின்னுள்ள சுவரின்மீது இங்கும் அங்கும் இடம்பெயர்வதுபோலத் தோன்றும். இதனையே பௌதிக நூல்கள் இடமாறு தோற்றம் என்பன. விரல் அண்மிக்கப் பெயர்ச்சி கூடும்; அகலக் குறையும். மூளையானது இவ்விரு காட்சிகளையும் ஒன்றாக்கி, பெயர்ச்சியின் அளவை ஆழமென நமக்கு உணர்த்துகின்றது. ஐயமுடையார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பென்சில்களைக் கைக்கொன்றாகப் பிடித்து அவற்றின் நுனிகளை முட்டச் செய்ய முயல்வாராக. ஊசியில் நூல் கோக்க முயலினும் அமையும். மருதமுனைத் தறியிலே அறுந்துபோன இழையைத் தேடி முடிச்சிடுகின்ற நெசவாளர், ஒற்றைக் கண்ணால் அவ்வேலையைச் செய்ய நேர்ந்தால் எத்துணை இடர்ப்படுவர் என்பதை நம்மூரவர் எண்ணிப் பார்க்கலாம்.

இத்துறையில் ஆராய்ச்சி பழையது. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய தம் ஒளியியல் நூலிலே, இரு கண்கள் பெறும் உருவங்கள் எப்போது ஒன்றாய் இணைகின்றன, எப்போது இரட்டையாய்ப் பிளவுபடுகின்றன என்பதைச் சோதனை வாயிலாக ஆராய்ந்துள்ளார். ஆனால் அவ்விரு உருவங்களின் வேறுபாடே ஆழவுணர்வுக்குக் காரணம் என்பதைக் கருவி கொண்டு நாட்டியவர், இங்கிலாந்தின் சார்ல்ஸ் உவீத்சன் ஆவார். உயர்தர வகுப்பு மாணவர் மின்னியலில் ஓயாது உச்சரிக்கும் உவீத்சன் பாலத்துக்குப் பெயர் தந்தவர் இவரே. 1838ஆம் ஆண்டில் அவர் இரண்டு ஆடிகளையும் இரண்டு தட்டைச் சித்திரங்களையும் கொண்டு, காகிதத்தில் இல்லாத ஆழத்தைக் கண்ணுக்குத் தோற்றுவித்துக் காட்டினார். அன்று தொட்டு இன்றுவரை முப்பரிமாணப் படங்காட்டும் கருவிகள் யாவும் செய்வது ஒன்றே: இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சிறிது வேறுபட்ட மற்றொரு படம்.

இனி யப்பானுக்குச் செல்வோம். நின்ரெண்டோ என்னும் நிறுவனம் 1889ஆம் ஆண்டில் கியோத்தோ நகரிலே, பூக்கள் வரைந்த சீட்டுக்கட்டுகள் செய்யும் கடையாகத் தோன்றியது. அங்கு 1965ஆம் ஆண்டில், சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார் குன்பெய் யொகோய் என்னும் இளைஞர். வேலையற்ற வேளையில் அவர் தமக்கென்று செய்துகொண்ட நீளும் கையொன்றை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டு, கடிந்துகொள்வதற்குப் பதிலாக அதனையே விளையாட்டுப் பொருளாக்கி விற்குமாறு பணித்தார். அது பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பழுதுபார்ப்பவர் பொம்மை ஆக்குவோர் ஆயினார். பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழினுட்பத்தை எவரும் எண்ணாத கோணத்திற் பயன்கொள்வதே சிறப்பு என்பது அவருடைய கோட்பாடு. 1989இல் அவருடைய குழுவினர் ஆக்கிய 'கேம் போய்' அக்கோட்பாட்டுக்குச் சான்று. போட்டியாளர் வண்ணத் திரை தந்து பற்றரியை விரைவில் தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நிறமற்ற எளிய திரையும் நான்கு சிறு பற்றரிகளும் கொண்ட அப்பொறி உலகை வென்றது. அதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்துக் கணக்கிடின் விற்பனை 11 கோடியைத் தாண்டியது.

இத்தகைய யொகோயின் கையில், அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்தைச் சேர்ந்த 'ரிஃப்ளெக்‌ஷன் ரெக்னோலொஜி' என்னும் சிறு நிறுவனத்தின் புதுமுறைத் திரையொன்று வந்து சேர்ந்தது. செகா முதலிய நிறுவனங்கள் வேண்டாவென ஒதுக்கிய சரக்கு அது. அதன் அமைப்பு வியக்கத்தக்கது. நாமறிந்த தொலைக்காட்சித் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெடுக்கும் குறுக்கும் பரந்து கிடக்கும். இத்திரையிலோ ஒவ்வொரு கண்ணுக்கும் 224 ஒளிகாலும் இருவாயிகள் மேல்கீழாக ஒரே நிரலில் நிற்கும், அவ்வளவே. அந்நிரலின் முன்னே ஒரு சிறு ஆடி செக்கனுக்கு 50 முறை அசைந்தாடும். ஆடி அசையும்போது அந்த ஒற்றைக் கோடு காட்சிப் பரப்பெங்கும் இழுத்துச் செல்லப்படுகின்றது. கோடு எந்த இடத்திற்கு வரும்போது எந்த விளக்கு எரிதல் வேண்டும் என்பதைப் பொறி கணித்து எரிக்கும். இருளிலே கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் ஒரு புள்ளி நெருப்பு முழுவட்டமாய்த் தோன்றுகின்றதன்றோ? கண்ணில் உருவம் நொடிப்பொழுது தங்குவதனால் நேரும் அம்மயக்கமே இங்கும் தொழிற்படுகின்றது. 224 விளக்குகளைக் கொண்டு, 384 நிரல்கள் உள்ள முழுப்படம் ஒன்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே கிடைக்கின்றது. திரை மலிவு, மின்செலவு குறைவு, ஆழமோ மெய்யானது. யொகோயின் உள்ளம் இதில் ஈடுபட்டதில் வியப்பில்லை.

படம் முழுவதும் சிவப்பாகவே இருந்தமைக்கும் இவ்வமைப்பே காரணம். கறுப்பும், சிவப்பின் மூன்று தரங்களும் அன்றி வேறு நிறம் அதில் இல்லை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் காலும் முதல் இருவாயியாகிய சிவப்பு 1962இலேயே தோன்றி, முப்பது ஆண்டில் மிக மலிந்துவிட்டது. பல வண்ணம் காட்டவேண்டின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தேவை. பிரகாசமான நீல இருவாயியை ஷுஜி நகமுரா யப்பானிலேயே 1993இன் இறுதியில்தான் வெளிக்கொணர்ந்தார். அதன் அருமையை 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு உணர்த்தும். விளையாட்டுப் பொருளின் விலைக்குள் அடங்கக்கூடியதாக அந்நீலம் அன்று இருக்கவில்லை. ஆகவே, எதிர்காலத்தின் பொறி என்று விளம்பரம் பெற்ற கருவி, பழைய புகைப்பட இருட்டறையின் செவ்வொளியோடு வெளிவந்தது.

'வேர்ச்சுவல் போய்' என்று பெயரிடப்பட்ட இப்பொறி 1995 யூலை 21இல் யப்பானிலும், ஓகஸ்ற் மாதத்தில் வட அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. யப்பானில் விலை 15,000 யென். அமெரிக்காவில் ஏறத்தாழ 180 டொலர். இவ்விரு நிலப்பகுதிகளுக்கு வெளியே அது விற்கப்படவே இல்லை. நம் கரையோர ஊர்களின் பிள்ளைகள் அக்காலத்தில் அறிந்திருந்தவை, மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்தோர் பயணப் பெட்டியில் வைத்துக் கொணர்ந்த ரீவி கேம்களே. அவற்றை ஆடுதற்கும் மின்சாரம் வேண்டும்; 1996இல் வரட்சியினால் நாடெங்கும் மின்வெட்டு நிலவியதை முதியோர் மறந்திரார். ஆதலின் இப்பொறியை நாம் கண்டிலோம் என்பதிற் புதுமை இல்லை. அதனை விலைகொடுத்து வாங்கக்கூடியவர்களும் வாங்கவில்லை என்பதே ஆராயத்தக்கது.

அந்நிறுவனம் 30 இலட்சம் பொறிகள் விலைபோகும் என்று எதிர்பார்த்தது. விற்றவை ஏறக்குறைய 7,70,000. யப்பானில் 1995 டிசெம்பரிலும், அமெரிக்காவில் 1996இன் முற்பகுதியிலும் பொறி கைவிடப்பட்டது. காரணங்கள் பல கூறப்படும். தலையில் அணிவதற்கென எண்ணப்பட்ட கருவி, பாதுகாப்புப் பற்றிய அச்சங்களால் இரு காலில் நிற்கும் மேசைப் பொருளாயிற்று. ஆடுவோர் குனிந்து முகத்தை அதனுட் புதைத்தல் வேண்டும். கையிற் பிடிக்கும் பகுதியில் ஆறு பற்றரிகள் வேண்டும். ஒருவர் ஆடும்போது அருகிருப்போர் காண்பதற்கு யாதுமில்லை. கடையிலே பத்துப்பேர் சூழ நின்று பார்த்து ஆசைகொள்ளும் வாய்ப்பு இதனாற் போயிற்று. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஆழத்தைக் காட்டுதற்கும் வழியில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடலாகாது என்னும் எச்சரிக்கை வேறு பொறியோடு வந்தது.

தலைவலியைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். அண்மைப் பொருளை நோக்கும்போது கண்ணில் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. இரு கண்களும் மூக்கின் பக்கமாகச் சிறிது திரும்புகின்றன. கண்வில்லையும் தடித்துத் தன்னமைவு கொள்கின்றது. பிறந்த நாள் தொட்டு இவ்விரண்டும் ஏரிற் பூட்டிய எருதுகள்போல இணைந்தே செல்லப் பழகியவை. இத்தகைய கருவியிலோ படம் உண்மையில் ஒரு நிலையான தூரத்திலேயே குவிகின்றது, வில்லைக்கு வேலையில்லை. ஆனால் தோற்றத்திலுள்ள பொருள் அண்மித்தும் அகன்றும் வருவதனால் கண்கள் ஓயாது திரும்பவேண்டியிருக்கின்றன. ஓர் எருது நிற்க மற்றையது நடந்தால் கலப்பை என்னாகும்? அதுவே கண்ணுக்கும் நேர்கின்றது. பொறியைச் செய்தோரும் இத்தகைய களைப்பை எதிர்பார்த்தே, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஆட்டம் தானாக நின்று ஓய்வளிக்கும் வசதியை வைத்திருந்தனர். முப்பது ஆண்டு கழிந்தும், இன்று தலையில் அணியும் விலையுயர்ந்த கருவிகளிலும் இவ்விடர் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

இவையனைத்தும் மெய்யே. ஆயினும் இக்கட்டுரையாளன் கருத்தில் இவை இரண்டாம் நிலைக் காரணங்கள். நன்மை பெரிதாயின் மனிதர் தலைவலியைப் பொறுத்துக்கொள்வர். மூக்குக்கண்ணாடி முதன்முதல் அணிந்த நாளில் தலைவலி உறாதார் எவர்? பொறி தந்த ஆழம் ஆட்டத்துக்கு இன்றியமையாததா என்பதே வினா. அப்பொறிக்கு வெளிவந்த விளையாட்டுகள் மொத்தம் 22. யப்பானில் 19, அமெரிக்காவில் 14. இரு நாட்டுக்கும் பொதுவானவை 11. அமெரிக்காவிற் பொறியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது டெனிஸ் ஆட்டம். வலைக்கு அப்பால் எதிராளி சற்று எட்டி நிற்பது அழகாகத் தெரியும். ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டும் அதனை ஆடலாம். 'வாரியோ லாண்ட்' என்பது அப்பொறியின் மிகச் சிறந்த ஆட்டமென்று பலராலும் பாராட்டப்படுவது. அதிற் கதைத்தலைவன் முன்தளத்திலிருந்து பின்தளத்துக்குத் தாவுவான். ஆயினும் அது நாடக மேடையில் இரண்டு திரைச்சீலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டதை ஒக்கும். தட்டைத் திரையிலும் அவ்வாட்டம் ஏறக்குறைய அவ்வாறே நடக்கும். ஆழம் இவற்றிற்கு அணியாக அமைந்ததேயன்றி உயிராக அமையவில்லை. அணிக்காக 180 டொலரும் தலைவலியும் கொடுப்பார் சிலரே.

இவ்விடத்திலேதான் 'பவுண்ட் ஹை' நம் கவனத்தை வேண்டிநிற்கின்றது. யப்பானின் 'ஜப்பான் சிஸ்டம் சப்ளை' என்னும் நிறுவனம் இதனை ஆக்கியது. கதை எளிது. சல்வோ 55 என்பது ஓர் இயந்திர உயிர். அது பந்தாக உருமாறித் துள்ளவல்லது. அண்டவெளியில் மிதக்கும் தளங்களின்மீது அது துள்ளித் துள்ளி, பகைவர்மேல் விழுந்து அவர்களை நசுக்கவேண்டும். தளத்துக்கு வெளியே விழுந்தால் பாழ்வெளியில் மறைந்துபோகும். இத்தகைய கதைகள் ஆயிரம் உண்டு. சிறப்பு, பார்வை வைக்கப்பட்ட இடத்தில் உள்ளது. ஆடுவோர் இத்தளத்தைப் பக்கவாட்டிலிருந்து காண்பதில்லை. நேர் மேலேயிருந்து கீழ்நோக்கிக் காண்கின்றனர். பந்து மேலெழும்போது அது திரையின் மேற்புறம் நோக்கிச் செல்வதில்லை. ஆடுவோரின் கண்ணை நோக்கியே வருகின்றது. பின்பு கண்ணை விட்டகன்று கீழே தளத்துக்கு வீழ்கின்றது.

மாடிவீட்டின் மேற்றளத்தில் நின்று, கீழே தெருவில் ஒரு சிறுவன் பந்தைத் தரையில் அறைந்து எழுப்புவதைப் பார்ப்பவரை நினைத்துக்கொள்க. பந்து அவருடைய முகத்தை நோக்கி எழும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், மீண்டும் தாழும். அது இப்போது எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அவர் எவ்வாறு அறிகின்றார்? இடமோ வலமோ அது பெயர்வதில்லை. தட்டைத் திரையில் இதே காட்சியைக் காட்டினால், வட்டமொன்று பெருத்துச் சிறுப்பதே கிடைக்கும் முதன்மைக் குறிப்பு. பெரிய பந்து தொலைவில் உள்ளதா, சிறிய பந்து அண்மையில் உள்ளதா என்னும் மயக்கம் நீங்காது. இரு கண்ணும் இருவேறு காட்சியைப் பெறுங்கால் அம்மயக்கத்துக்கு இடமில்லை. உயரம் நேரே கண்ணுக்குப் புலனாகின்றது. எந்தக் கணத்தில் எந்தப் பகைவன் தலையில் இறங்கலாம், தளத்தின் விளிம்புக்கு இப்பால் வந்துவிடலாமா என்ற கணிப்பு முழுவதும் அவ்வுயரத்தையே பற்றி நிற்பதாகும். அஃதாவது, ஆடுவோர் இவ்வாட்டத்தை ஆடுவதற்குத் தம் இரண்டாம் கண்ணையே கருவியாகப் பயன்கொள்கின்றனர். மற்றைய ஆட்டங்களில் ஆழம் காட்சிப் பொருள். இதிலே ஆழமே ஆடுகளம்.

பொறி எழுப்பிய வினாவுக்கு இது நேரான விடை. 'இரு கண்ணாலன்றி ஆடமுடியாத ஆட்டம் எது?' என்று கேட்ட பொறிக்கு, டெனிஸும் பந்துவிளையாட்டும் பதில் கூறாது சுற்றிச் சென்றன. 'இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ்' ஆக்கிக்கொண்டிருந்த 'டிராகன் ஹொப்பர்' என்னும் மற்றோர் ஆட்டமும் துள்ளலையும் உயரத்தையுமே பொருளாகக் கொண்டது. விந்தை என்னவெனில் அதுவும் வெளிவரவில்லை. பரீட்சைத் திணைக்களத்து மொழியிற் கூறுவதாயின், சிறந்த விடைத்தாள்கள் திருத்துவோர் கையை எட்டுமுன்னரே பெறுபேறு வெளியிடப்பட்டுவிட்டது. அப்பெறுபேற்றையே இன்றும் உலகம் மேற்கோளாகக் காட்டி வருகின்றது.

முற்றுப்பெற்ற ஒன்றை வெளியிடாது விடுவானேன் என்று கேட்கலாம். இக்காலத்து விளையாட்டுகள் தொலைபேசிக்குள் இணையவழி வந்திறங்குவன. ஒரு பிரதிக்கும் இலட்சம் பிரதிக்கும் செலவில் வேறுபாடு சிறிது. அக்காலக் கசெற் அத்தகையதன்று. அதனுள்ளே நிரல் நிலையாகப் பதிக்கப்பட்ட நினைவகச் சில்லு இருக்கும். அச்சில்லுகளை ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே பணங்கட்டிச் செய்வித்தல் வேண்டும். செய்தபின் திருத்த இயலாது. விற்காவிட்டால் வேறெதற்கும் உதவாது. கடைகளிற் பொறியே விலை குறைத்துத் தள்ளப்படுகின்ற வேளையில், அதற்கென்று புதிய சில்லுகளை வார்ப்பிக்க எந்தக் கணக்காளர் இசைவார்? நிறுவனமும் 1996 யூன் மாதத்தில் வெளிவரவிருந்த 'நின்ரெண்டோ 64' என்னும் அடுத்த பொறியின்மேலேயே கண்ணாக இருந்தது. கணக்கின்படி நோக்கின் முடிவில் தவறில்லை. மாதக்கணக்காக இரவு பகல் உழைத்து ஓர் ஆக்கத்தை நிறைவித்தோர்க்கு அக்கணக்கு ஆறுதல் அளித்திருக்குமா என்பது வேறு வினா.

சல்வோ முற்றாக அழிந்துவிடவில்லை. 1997இன் தொடக்கத்தில் 'கேம் போய்' பொறிக்கு அதே பாத்திரத்தை வைத்து வேறோர் ஆட்டம் யப்பானில் வெளிவந்தது. பெயரும் உருவும் தப்பின, ஆழம் போயிற்று. வண்ணமுமில்லா அத்தட்டைத் திரையிலே சல்வோ மற்றுமொரு துள்ளும் பந்தாகவே இருந்தது. யொகோய் 1996 ஓகஸ்ற்றில் நின்ரெண்டோவை விட்டு விலகினார். தோல்வியின் பழியே அவரை வெளியேற்றியது என்பது பலர் கூற்று. அவர் அதனை மறுத்தே எழுதினார். தமக்கென ஒரு சிறு நிறுவனம் அமைத்து, பன்டாய் நிறுவனத்துக்காக 'வொண்டர் ஸ்வான்' என்னும் கைப்பொறியை வகுத்துக்கொண்டிருந்த நாளில், 1997 ஒக்ரோபர் 4இல் வீதி விபத்தில் உயிர்நீத்தார். அப்பொறி 1999இல், அவர் காணாமலே, கடைக்கு வந்தது.

'பவுண்ட் ஹை'யின் பிற்கதை ஏடுதேடிய நம் முன்னோரை நினைவூட்டுவது. ஆர்வலர் கைக்கு வந்தது அதன் மூலநிரல். மூலநிரலுக்கும் கசெற்றுக்கும் உள்ள தொடர்பை அறியாதார்க்கு நம்மூர் நெசவே தக்க உவமை. நெசவாளரின் மனத்திலும் குறிப்பிலும் உள்ள கோலம் வேறு. தறியிலிருந்து இறங்கிய சாரம் வேறு. மனிதன் எழுதி மனிதன் படிக்கக்கூடிய கட்டளைகள் கோலம் போன்றவை. அவற்றைப் பொறியின் மொழியிற் கோத்துத் தந்தபின் கிடைப்பதே துணி. சல்வோவின் கதையிற் கிடைத்தது கோலமே. ஆடுதற்கு அதனைப் புதிதாக நெய்தெடுக்கவேண்டியிருந்தது. சம்பளம் பெறாது, பொழுதுபோக்காக இவ்வேலையைச் செய்து முடித்தோர், 2010ஆம் ஆண்டில் அதனைச் சிறுதொகையாகக் கசெற் வடிவிலே கொணர்ந்தனர். கைவிடப்பட்ட பொறியின் கண்ணாடிக்குள் சல்வோ முதன்முறையாகப் பொதுமக்களின் முகத்தை நோக்கித் துள்ளியது அப்போதுதான். உரிமையாளர் இசைவோடு வெளிவந்த பதிப்பன்று அது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய செயலைப் போற்றும் நாம், இவ்விளைஞரின் உழைப்பைப் பொழுதுவீண் என்று எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. பனையோலையைக் கறையான் தின்னும். காந்தத் தட்டில் எழுதிய எழுத்தோ கறையான் இன்றியே தானாக மங்கும். கணினியில் எழுதியது என்றும் அழியாது என்னும் நம்பிக்கை நம் மாணவரிடையே மிகுந்திருப்பதால் இதனைக் குறிப்பிட நேர்ந்தது.

நின்ரெண்டோவும் முப்பது ஆண்டுக்குப்பின் தன் பழைய தோல்வியைத் திரும்பிப் பார்த்தது. 'வேர்ச்சுவல் போய்' விளையாட்டுகளைத் தன் புதிய பொறியில் 2026இல் மீளத் தரப்போவதாகவும், அவற்றைக் காண்பதற்கு அப்பழைய வடிவிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி விற்கப்போவதாகவும் 2025 செப்டெம்பரில் அறிவித்தது. தட்டைத் திரையில் வெறும் சிவப்புப் படமாக அவற்றைத் தருதல் மிக எளிதாயிருந்தும் பெட்டியையும் சேர்த்தே தர முற்பட்டமை கவனிக்கத்தக்கது.

அப்பெட்டி நம் கல்முனைக் கடைத்தெருவுக்கு வருமோ வராதோ, 'பவுண்ட் ஹை'யின் அடிப்படைக் காட்சியைப் பாடசாலை ஆய்வுகூடத்திலே செலவின்றிக் காட்டலாம். இரண்டு சிறு தளவாடிகளைச் செங்கோணமாகச் சேர்த்து, சேர்ந்த விளிம்பு மூக்கின் எதிரே வருமாறு நிறுத்துக. ஆடிகளின் இருபுறத்தும், ஆடியிலிருந்து ஒரே தூரத்தில், ஆடியை நோக்கிய வண்ணம் இரண்டு அட்டைகளை நிமிர்த்தி வைக்குக. ஒவ்வொன்றிலும் ஒரே அளவான சதுரமொன்றும், அதனுள் ஒரே அளவான வட்டமொன்றும் வரைக. சதுரமே தளம், வட்டமே சல்வோ. இடக்கண் காணும் படத்தில் வட்டம் சதுரத்தின் நடுவிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வலப்புறமாகவும், வலக்கண் காணும் படத்தில் அத்துணையே இடப்புறமாகவும் தோன்றவேண்டும். இரு படமும் ஒன்றாய் இணைந்தவுடன் வட்டம் தளத்தை விட்டெழுந்து கண்ணை நோக்கி மிதக்கும். இடப்பெயர்ச்சியைக் கூட்டிக் குறைத்து வேறு அட்டைகள் வரைந்தால் அது எழுந்து தாழ்வதையும் காணலாம். ஆடி இடவலம் மாற்றிக் காட்டும் ஆகையால், அட்டையில் வரையும்போது இப்பெயர்ச்சியை எதிர்ப்புறமாக வைத்தல் வேண்டும். அதனை மறந்து வரைந்தால், மேலெழ வேண்டிய பந்து தளத்தை ஊடுருவிக் கீழே ஆழ்ந்துவிடும்.